குளோனசெபாம் எழுதித் தந்திருக்கிறார்களா? தொடங்கும் நாளிலிருந்து நிறுத்தும் நாள் வரை

என் தங்கைக்கு வலிப்பும் உண்டு, பதற்ற நோயும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து அவளுக்கு எழுதித் தந்த மருந்துகளில் ஒன்று குளோனசெபாம். மாத்திரையை வாங்கி விழுங்குவதில் சிரமம் ஒன்றுமில்லை. சீட்டு, இருப்பு, வேறு மருந்துகள், பயணம், அளவைக் குறைப்பது என்று அதைச் சுற்றியுள்ள வேலைகளில்தான் நாங்கள் தவித்தோம். மருத்துவர் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் அளவைச் சொல்லி அனுப்புவார்கள். மற்றதையெல்லாம் ஒவ்வோர் இடமாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த மருந்து பென்சோடயசெபைன் என்ற வகையைச் சேர்ந்தது. மூளையின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு இது வலுச் சேர்க்கிறது. அதனால்தான் வலிப்புக்கும் உதவுகிறது, பதற்றத்துக்கும் உதவுகிறது. சரியாக எடுத்தால் நல்ல மருந்து. பெரும்பாலும் ஆபத்து வருவது இரண்டு வழிகளில்: மாத்திரை திடீரென்று நின்றுபோவது, மயக்கம் தரும் இன்னொன்று கூடச் சேர்வது. கீழே உள்ள பல படிகள் இந்த இரண்டையும் தடுக்கத்தான்.

அளவை முடிவு செய்வது உங்கள் மருத்துவர்தான். இங்கே வரும் எண்கள் அவரிடம் சரியான கேள்வி கேட்பதற்கு. நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ இவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

1. சீட்டை எழுதும்போதே கேட்டுவிடுங்கள்

முதல் கேள்வி: இது எதற்காக, எவ்வளவு காலத்துக்கு? வலிப்புக்கு என்றால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடப் போகலாம். பதற்றத்துக்கு என்றால் வேறு கணக்கு. பதற்றத்தை நீண்ட காலம் கட்டுப்படுத்த எழுதும், மனச்சோர்வுக்கும் கொடுக்கும் வகை மருந்துகள் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கக் குறுகிய காலத்துக்கு இதைக் கொடுப்பது வழக்கம். அப்படியென்றால் எப்போது குறைக்கத் தொடங்குவது என்று அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு என்று தொடங்கியது யாரும் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓடுவது அடிக்கடி நடக்கிறது.

அப்புறம், நீங்கள் சொல்ல வேண்டியவை. கல்லீரல் நோய், குறுங்கோண வகைக் கண் அழுத்த நோய், நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய், மனச்சோர்வு, முன்பு குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ இருந்தது. இவற்றில் எது இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள். கடைசி இரண்டையும் சொல்லப் பலருக்குக் கூச்சம். ஆனால் மருந்தின் அளவையும், சில சமயம் மருந்தையே மாற்றும் தகவல்கள் அவைதான். கல்லீரல் பாதிப்பு கடுமையாக இருந்தாலோ அந்தக் கண் நோய் தீவிரமாக இருந்தாலோ இந்த மருந்தையே கொடுக்க மாட்டார்கள்.

கர்ப்பமாக இருந்தாலும், கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலும், தாய்ப்பால் கொடுத்தாலும் அதையும் சொல்லுங்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் எடுத்தால் பிறக்கும் குழந்தைக்கு உடல் தளர்ச்சி, பால் குடிப்பதில் சிரமம், மூச்சுச் சிரமம் வரலாம். அதற்காகக் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. உடனே மருத்துவரிடம் பேசுங்கள், பேசும்வரை தொடருங்கள்.

இன்னொரு பொறி: இரண்டு மருத்துவர்கள். வலிப்புக்கு நரம்பியல் மருத்துவர், பதற்றத்துக்கு மனநல மருத்துவர் என்று தனித்தனியாகப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அவர் குளோனசெபாம் எழுதியிருப்பார். இவர் அல்பிரசோலமோ லோரசெபாமோ எழுதுவார். பெயர் வேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே வகை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மயக்கம் கூடிவிடும். ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவரிடம் ஒவ்வொரு முறையும் காட்டுங்கள். "அதெல்லாம் அங்கே பார்க்கிறோம் டாக்டர்" என்று விட்டுவிடாதீர்கள்.

2. சீட்டையும் அட்டையையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்

குளோனசெபாம் 0.5, 1, 2 மி.கி. மாத்திரைகளாக வருகிறது. சில நாடுகளில் 0.25 மி.கி.யும் அதைவிடச் சிறியதும் உண்டு. இந்தப் புள்ளிதான் பிரச்சினை. கையால் எழுதிய சீட்டில் முன்னால் சுழியம் போடாமல் ".5" என்று எழுதி, அந்தப் புள்ளி கோடு போட்ட தாளின் கோட்டிலேயே மறைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு அது வெறும் 5. அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அளவை வாய்விட்டுப் படித்துக் காட்டி, "பூஜ்யம் புள்ளி ஐந்து, சரிதானே?" என்று கேட்டுவிடுங்கள். இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: பெரியவர்களுக்குப் பீதி நோய்க்கு (திடீரென்று பெரும் பயம் தாக்கும் பதற்ற நோய்) வழக்கமான தொடக்கம் 0.25 மி.கி. வீதம் நாளைக்கு இரண்டு வேளை. வலிப்புக்குத் தொடக்கத்தில் நாளைக்கு மொத்தமாக 1.5 மி.கி.யைத் தாண்டாமல், அதையும் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். முதியவர்களுக்கு இன்னும் குறைவாகத் தொடங்குவார்கள். முதல் முறை எடுக்கும் உங்கள் கையில் 2 மி.கி. அட்டை வந்திருந்தால், வாயில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கால் பாகமாக வெட்டிச் சாப்பிடச் சொல்லியிருக்கலாம், அல்லது தவறாகவும் இருக்கலாம்.

பெயரிலும் குழப்பம் வரும். குளோனிடின் என்பது இரத்த அழுத்த மருந்து. குளோசபின் என்பது மனச்சிதைவுக்கு. குளோபசாம் இதே வகை மருந்துதான், ஆனால் அளவுக் கணக்கே வேறு, 5, 10 மி.கி. என்று போகும். அவசரத்தில் எழுதினால் நான்கும் ஒன்று போலத் தெரியும். அட்டையில் வணிகப் பெயர் பெரிதாக இருக்கும், அதன் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பொதுப் பெயர் இருக்கும். படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தை. வீட்டுக்கு வந்து படிக்காமல் கடையிலேயே நின்று படியுங்கள்.

3. ஒரு கோப்பு போடுங்கள்

கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் எல்லா இடத்திலும் தாள் கேட்பார்கள். 1971-இல் உருவான ஐ.நா. மனமயக்க மருந்துகள் ஒப்பந்தத்தின் நான்காம் பட்டியலில் குளோனசெபாம் இருக்கிறது. அதனால் ஏறக்குறைய எந்த நாட்டிலும் சீட்டு இல்லாமல் வாங்குவது சட்டப்படி முடியாது.

கோப்பில் இருக்க வேண்டியவை: இப்போது செல்லுபடியாகும் மூலச் சீட்டு, பழைய சீட்டுகள், நோய் இன்னது என்று மருத்துவர் எழுதிய கடிதம், மூளையைச் சோதித்த ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. அறிக்கைகள், மருத்துவமனையில் தங்கியிருந்தால் வீடு திரும்பும்போது தந்த சுருக்கம், மருந்து வாங்கிய ரசீதுகள். இவற்றோடு நீங்களே எழுதிய ஒரு பக்கப் பட்டியல்: இதுவரை எடுத்த எல்லா மருந்துகளும், எவ்வளவு அளவில் எடுத்தீர்கள், எதற்காக நிறுத்தினார்கள் என்பது. புது மருத்துவர் யாரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான், பெரும்பாலும் நம்மிடம் இல்லாததும் இதுதான்.

எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆனால் கடையில் படத்தைக் காட்டினால் பல இடங்களில் தர மாட்டார்கள், மூலத் தாள்தான் வேண்டும். வேலையிடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும் வழக்கம் இருந்தால், பென்சோடயசெபைன் இருப்பதாக முடிவு வரலாம். மருத்துவர் கடிதத்தைப் பரிசோதனைக்கு முன்பே காட்டிவிடுவது நல்லது.

4. செலவு எங்கே போகிறது

மாத்திரை பழைய மருந்து, பொதுப் பெயரிலும் பல நிறுவனங்கள் செய்கின்றன. அதனால் மற்ற வலிப்பு மருந்துகளோடு பார்த்தால் விலை குறைவுதான். பணம் போவது சீட்டைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் கட்டும் ஆலோசனைக் கட்டணத்தில். முதலிலேயே கேளுங்கள்: சீட்டு எத்தனை நாள் செல்லும், ஒரே சீட்டில் எத்தனை முறை வாங்கலாம், நிலைமை சீராக இருந்தால் நேரில் வராமல் புதுப்பிக்க வழி உண்டா. நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது இரத்த அணுக்களும் கல்லீரலும் சோதிக்கச் சொல்லலாம், அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். காப்பீடு இருந்தால் வெளிநோயாளி மருந்துச் செலவு அதில் சேருமா என்று பாருங்கள்.

விலை குறைவு என்று மாதாமாதம் வேறு வேறு நிறுவனத்தின் மாத்திரைக்குத் தாவலாமா? பதற்றத்துக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. வலிப்புக்கு எடுத்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு வலிப்பு மருந்துகளை மூன்று பிரிவாக்கி வைத்திருக்கிறது. கண்டிப்பாக ஒரே தயாரிப்பில் இருக்க வேண்டியவை முதல் பிரிவு, கவலைப்பட வேண்டாதவை மூன்றாவது. குளோனசெபாம் நடுப்பிரிவில் இருக்கிறது. அதாவது, நோயாளியின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. வலிப்பு அடங்கி நன்றாக இருக்கிறது என்றால் நான் கம்பெனியை மாற்ற மாட்டேன். கடையில் வேறு அட்டையைத் தந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

5. முதல் இரண்டு வாரங்கள்

மாத்திரை போட்ட 1 முதல் 4 மணி நேரத்தில் இரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போகும். ஆனால் உடலை விட்டு வெளியேறுவது மிக மெதுவாக. பாதி அளவு குறையவே சராசரியாக 30 முதல் 40 மணி நேரம் ஆகும். அதனால் இன்றைய மாத்திரை, நேற்றைய மீதியின் மேல் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு புதிய அளவும் உடலில் நிலைபெற ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். முதல் நாள் நன்றாக இருந்தது, நான்காம் நாள் ஏன் இவ்வளவு அசதி என்று பயப்படுகிறவர்களுக்கு விடை இதுதான்.

இந்த நாட்களில் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், நாக்குக் குழறல், மறதி வரலாம். பலருக்கு உடல் பழகப் பழகக் குறையும். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள், உயரத்தில் ஏறாதீர்கள், ஓடும் இயந்திரம் பக்கம் போகாதீர்கள். வலிப்பு உள்ளவர்கள் வண்டி ஓட்டுவதற்கு எத்தனை மாதம் வலிப்பில்லாமல் இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும் தனிச் சட்டம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதியவர் எடுக்கிறார் என்றால் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். இந்த மருந்தில் விழுந்து எலும்பு முறிவது பெரிய கவலை. குழந்தைகளுக்கும், வேறு குறைபாடுகள் உள்ளவர்களுக்கும் எச்சில் அதிகம் ஊறலாம். மூச்சுக்குழாய்ச் சளியும் கூடலாம். சில குழந்தைகள் மந்தமாவதற்குப் பதிலாக முரண்டு பிடிப்பார்கள், அடிப்பார்கள், தூங்க மாட்டார்கள். அது குழந்தையின் குணமாக இருக்காது, மருந்தின் விளைவாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மனநிலையையும் பார்க்க வேண்டும். வலிப்பு மருந்துகள் எல்லாவற்றுக்குமே, மிகச் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தூண்டப்படலாம் என்ற எச்சரிக்கை உண்டு. மனம் இருண்டுகொண்டே போகிறது, வாழ வேண்டாம் போல் இருக்கிறது என்று தோன்றினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி போதும்: எத்தனை மணிக்கு எவ்வளவு, வலிப்போ படபடப்போ வந்ததா, தூக்கம் எப்படி. என் தங்கையின் நோட்டில் "மதியம் 3, படிக்கட்டில் தடுமாற்றம்" என்று தொடர்ந்து எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர் அவளுடைய வேளைகளை மாற்றி, பெரிய பங்கை இரவுக்குத் தள்ளினார்.

6. எடுக்கும் முறை, வேளை தவறினால் செய்வது

சாப்பாட்டுக்கு முன்பும் எடுக்கலாம், பின்பும் எடுக்கலாம். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். பாதியாக வெட்டச் சொன்னால் மாத்திரை வெட்டும் சிறு கருவி வாங்குங்கள். கத்தியில் வெட்டினால் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் தூளாகவும் போகும், இவ்வளவு சிறிய அளவில் அது பெரிய வித்தியாசம். வாயில் கரையும் வகை என்றால் கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அட்டையில் அழுத்தித் தள்ளினால் உடைந்துவிடும், பின்பக்கத் தாளை உரித்து எடுத்து நாக்கில் வையுங்கள். தண்ணீர் தேவையில்லை.

வேளை தவறிவிட்டதா? நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. "போட்டேனா, இல்லையா" என்ற சந்தேகம் இந்த மருந்தில் இன்னும் அதிகமாக வரும், மறதி இதன் பக்கவிளைவுகளில் ஒன்று. கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். அட்டையைக் கத்தரித்துப் பெட்டியில் போட்டால் காலாவதித் தேதி உள்ள துண்டை எறியாமல் வையுங்கள்.

7. கூடச் சேரக் கூடாதவை

முதலில் மது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். "இன்றைக்கு மாத்திரை போடவில்லை, அதனால் குடிக்கலாம்" என்ற கணக்கு செல்லாது. மேலே சொன்ன 30, 40 மணி நேரத்தை நினையுங்கள், நேற்றையது இன்னும் உடம்பில்தான் இருக்கிறது.

அடுத்தது வலி மருந்துகள். மார்பின், கோடீன், டிரமடால் போன்ற ஓபியாய்டு வகைகளோடு பென்சோடயசெபைன் சேர்ந்தால் மூச்சுத் திணறி உயிர் போகும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. டிரமடாலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அது வலிப்பையே தூண்டக்கூடியது. பல் பிடுங்கினாலும், கால் உடைந்தாலும், அறுவை சிகிச்சை என்றாலும், வலி மருந்து எழுதுவதற்கு முன் "நான் குளோனசெபாம் எடுக்கிறேன், எனக்கு வலிப்பு உண்டு" என்று சொல்லிவிடுங்கள்.

எளிதில் கவனம் தப்புவது சளி, இருமல், அரிப்பு மருந்துகள். சீட்டில்லாமல் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் போன்ற, தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்து இருக்கும். சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கும். தூக்க மாத்திரைகளும் தசை தளர்த்தும் மருந்துகளும் அப்படித்தான். மருந்தாளுநரிடம் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

மற்ற வலிப்பு மருந்துகளைப் பொறுத்தவரை: ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டல் மூன்றும் குளோனசெபாமின் அளவை இரத்தத்தில் குறைக்கும். இவற்றைப் புதிதாகச் சேர்க்கும்போதும் நிறுத்தும்போதும் இதன் விளைவு மாறும். வால்புரோவேட்டோடு சேரும்போது, வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு உள்ள சிலருக்கு அது விடாமல் தொடரலாம். இந்தச் சேர்க்கைகளையெல்லாம் மருத்துவர்கள் தெரிந்தேதான் எழுதுகிறார்கள், பயந்து எதையும் விட்டுவிட வேண்டாம். ஃபுளுகோனசோல் போன்ற, வாய்வழி எடுக்கும் பூஞ்சை மருந்தை வேறொருவர் எழுதினால் மட்டும் கட்டாயம் சொல்லுங்கள், அது குளோனசெபாம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தக்கூடும்.

8. மாத்திரை தீர்ந்துபோகவே கூடாது

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள். தொடர்ந்து எடுத்தவருக்கு இந்த மருந்து திடீரென்று நின்றால் தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, சிறு சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவது, பழைய பதற்றம் பல மடங்காகத் திரும்புவது எல்லாம் வரலாம். வலிப்பும் வரலாம், நிற்காமல் தொடரும் வலிப்பாகவும் மாறலாம். பதற்றத்துக்கு மட்டும் எடுத்தவருக்கும், வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் இது பொருந்தும். எஃப்.டி.ஏ. 2020-இல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே சேர்த்தது. மருந்து மெதுவாக வெளியேறுவதால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. "விட்டும் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தோன்றும். சில நாள் கழித்துத்தான் தாக்கும்.

ஆகவே கணக்கு. 0.5 மி.கி. மாத்திரை, நாளைக்கு இரண்டு என்றால் 30 நாளைக்கு 60. வாங்கிய அன்றே காலண்டரில் மூன்று தேதிகளைக் குறியுங்கள்: மாத்திரை தீரும் நாள், அதற்கு 10 நாள் முன்பு, சீட்டு காலாவதியாகும் நாள். 10 நாள் முன்பு என்று குறித்த தேதிக்குள் மருத்துவர் சந்திப்பு உறுதியாகியிருக்க வேண்டும். நாளாக நாளாக அளவைக் கூட்டும் காலத்தில் கணக்கு சுலபமாகத் தவறும். முதல் 3 நாள் நாளைக்கு ஒன்று, பிறகு இரண்டு என்றால் 15 நாளைக்கு 27 மாத்திரை வேண்டும். சீட்டில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று அங்கேயே கூட்டிப் பாருங்கள். சீட்டில் எழுதியதற்கு ஒன்றுகூட அதிகமாகக் கடையில் தர மாட்டார்கள், குறைந்தால் இன்னொரு சீட்டுக்கு அலைய வேண்டும்.

எங்களுக்கு நடந்தது: வழக்கமாக வாங்கும் கடையில் இருப்பு இல்லை, அடுத்த கடையில் சீட்டு பழையது என்றார்கள், மருத்துவர் விடுமுறையில். இது மூன்றும் ஒரே சமயத்தில் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இதற்காகவே 10 நாள் இடைவெளி. கடைக்குப் போவதற்கு முன் போன் செய்து இந்த அளவில் இருப்பு உண்டா என்று கேளுங்கள். 0.5 இல்லை, 1 இருக்கிறது என்றால் பாதியாக வெட்டிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்ட பிறகே வாங்குங்கள். உங்கள் மருத்துவர் இல்லாத நாளில் யார் சீட்டு எழுதுவார் என்பதை நல்ல நாளிலேயே கேட்டு வையுங்கள்.

எல்லாம் கைவிட்டுப்போய் நாளைக்கு மாத்திரை இல்லை என்றால், கைவசம் இருப்பதை நீங்களாகப் பிய்த்து நீட்டிக்கப் பார்க்காமல், கோப்பை எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் "வலிப்பு மருந்து தீர்ந்துவிட்டது" என்று சொல்லுங்கள். அது அவசரம்தான். இன்னொருவருடைய மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். உங்களுடையதையும் கொடுக்காதீர்கள், பல நாடுகளில் அது குற்றம்.

9. பயணம் போகும்போது

மாத்திரை கைப்பையில், அதன் மூல அட்டையோடும் பெட்டியோடும் இருக்க வேண்டும். சரக்கில் போகும் பெட்டி தொலைந்தால் மருந்தும் போச்சு. தாமதத்துக்காகச் சில நாள் மருந்து கூடுதலாக எடுங்கள்.

வெளிநாடு என்றால் மருத்துவர் கடிதம் கட்டாயம். அதில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், நோய், மருந்தின் பொதுப் பெயர், மாத்திரையின் அளவு, நாளைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை எடுத்துப்போகிறீர்கள், பயணத் தேதிகள், மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கட்டும். சில நாடுகள் முன்கூட்டியே அனுமதி கேட்கும், எத்தனை நாள் மருந்து கொண்டுவரலாம் என்பதற்கு உச்சவரம்பும் வைத்திருக்கும். போகும் நாட்டின் தூதரகத்திலும், வழியில் விமானம் மாறும் நாட்டின் தூதரகத்திலும் கேளுங்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம், டிக்கெட் போட்டதும் இந்த வேலையைத் தொடங்குங்கள். நேர வித்தியாசத்தில் வேளைகளை எப்படி நகர்த்துவது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

10. அவசர நிலை

எழுப்பினால் எழவில்லை, பேச்சு தெளிவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது: ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மீதி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே இரண்டு விஷயங்களை மறக்காமல் சொல்ல வேண்டும்: இவருக்கு வலிப்பு உண்டு, பென்சோடயசெபைன் தொடர்ந்து எடுக்கிறவர். இதன் முறிவு மருந்தான ஃப்ளூமசெனில் இப்படிப்பட்டவர்களுக்கு வலிப்பைத் தூண்டிவிடலாம். அதனால் மருத்துவர்களுக்கு இந்தத் தகவல் உடனே தேவை.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது தொடங்கினாலோ ஆம்புலன்ஸ். முழுமையாகத் தெளியும்வரை மாத்திரையோ தண்ணீரோ வாயில் கொடுக்கக் கூடாது.

11. மருந்து பலிக்காமல் போவது போல் இருந்தால்

சில ஆய்வுகளில் 30 சதவீதம் பேர்வரை வலிப்புக்கு எதிரான பலனை இழந்திருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள். உடல் பழகிப்போவதால் வருவது இது. வலிப்பு மறுபடி தலைகாட்டினால் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அளவை மாற்றினால் சிலருக்குத் திரும்பப் பலிக்கிறது. பதற்றத்துக்கு எடுப்பவர்கள் "இன்னொரு அரை போட்டால் சரியாகும்" என்று தாங்களே கூட்டத் தொடங்கும் இடமும் இதுதான். அப்படித் தோன்றினாலே மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

12. குறைத்து நிறுத்துவது

நிறுத்த வேண்டிய காலம் வந்தால் அவசரப்படாத ஒரு திட்டத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு, எந்த மாத்திரையை எப்படிப் பிரித்து. இந்த வகை மருந்துகளைக் குறைப்பதற்கு 2025-இல் அமெரிக்காவில் வெளியான கூட்டு வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று தொடங்கச் சொல்கிறது. பொதுவாக 2 வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்கிறது. நாளைக்கு 1 மி.கி. எடுப்பவருக்கு 10 சதவீதம் என்றால் 0.1 மி.கி. 0.5 மாத்திரையை வெட்டி அவ்வளவு சிறியதாக எடுக்க முடியாது. ஆகவே சிறிய அளவு மாத்திரையோ திரவ வடிவமோ உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு நரம்பியல் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்தான், பெரும்பாலும் மாற்று மருந்து நிலைபெற்ற பிறகு.

குறைக்கும்போது தூக்கம் கெட்டாலோ நடுக்கம் வந்தாலோ தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படியிலேயே சில வாரம் நின்றுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம், மருத்துவரிடம் சொல்லிச் செய்யுங்கள். தேர்வு, இடமாற்றம், வீட்டில் ஒரு பெரிய நிகழ்வு இருக்கும் மாதத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் தங்கையின் தேர்வுகள் முடியும்வரை மருத்துவரே காத்திருக்கச் சொன்னார்.

நின்ற பிறகு மீதி மாத்திரைகளை "எதற்கும் இருக்கட்டும்" என்று அலமாரியில் வைக்காதீர்கள். திரும்பப் பெறும் மருந்துக்கடையோ மருத்துவமனையோ இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் காலத்திலும் பூட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல்தான் இருக்க வேண்டும். கோப்பை மட்டும் எறியாதீர்கள். இந்த மருந்தை எப்போது, எவ்வளவு எடுத்தீர்கள், எப்படி நிறுத்தினீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பல ஆண்டு கழித்துப் பார்க்கும் மருத்துவரும் அதைக் கேட்பார்.